கோட்டின் தடிமன்

அஃபார் நிலத்தில் காலை ஏழு மணிக்கே
சுத்தியலின் பிடி சுடுகிறது.
எரிகுழம்பு இறுகிய கல்லைத் தட்டுவேன்.
வெண்கலம்போல் ஒலித்தால்
இளசு என்று குறித்துக்கொள்வேன்.
மந்தமாய் ஒலித்தால் கிழடு:
மேல்தோல் பழுத்து, மண் ஏறி,
இடுக்கில் ஒரு முட்செடிக்கு இடம் விட்டிருக்கும்.

ஒன்றின்மேல் ஒன்றாய்ப் பாய்ந்து படுத்தவை பதினொன்று.
அவற்றுக்கும் அடியில் பவளம்.
கடல் இங்கே வந்து, இருந்து,
உப்பை வைத்துவிட்டுப் போயிருக்கிறது.
அடியில் கிடப்பது மூத்தது.
இந்த ஒரே விதியைப் பிடித்துக்கொண்டு
மூன்று மாதமாய் நடக்கிறேன்.
பூட்ஸுக்கு இரண்டு முறை அடி மாற்றியாயிற்று.

ஐம்பதாயிரத்துக்கு ஒன்று என் வரைபடம்.
கண்ட எல்லைக்கு முழுக்கோடு,
ஊகித்ததற்கு விட்டுவிட்டு,
மணலுக்குள் போனதற்குப் புள்ளி புள்ளி.
தெரியாததைத் தெரியாது என்று எழுத
எங்கள் தொழிலில் மட்டும்தான் வழியிருக்கிறது
என்று நினைத்திருந்தேன்.

ஒன்பதாம் பாய்ச்சலின் விளிம்பில்
ஆடுகளோடு எதிரே வந்தாள் மொமினா.
இங்கே இருவர் எதிர்ப்பட்டால்
தாகத்துக்கு முன்னால் தாகு.
உட்கார்ந்து, குரல் தாழ்த்தி,
கண்டதைக் கண்டதென்றும்
கேட்டதைக் கேட்டதென்றும்
பிரித்துச் சொல்லியாக வேண்டும்.
கலந்து சொன்னவன் பேச்சை
அடுத்த கிணற்றில் யாரும் வாங்குவதில்லை.

காதஃபோ மொழிபெயர்த்தான்.
தெற்குக் கிணறு உவர்த்துவிட்டது. கண்டது.
லாரியில் ஓர் ஒட்டகம் அடிபட்டது. கேட்டது.
என் முறை.
இந்தக் கல்லுக்கு நாலாயிரம் வயது என்றேன்.
கண்டதா, கேட்டதா?
செயற்கைக்கோள் படத்தில்... என்று இழுத்தேன்.
'கேட்டது' என்று முடித்துவைத்தான் காதஃபோ.

அவள் சிரிக்கவில்லை. எழுந்து
கல்லின் நாக்கு ஒன்றைக் கோலால் தொட்டாள்.
இதன் கீழே என் பட்டி. ஏழு எட்டு நீளம்.
மூத்தவள் பிறந்த வருஷம்
மூன்று நாள் தரை வயிறு குமுறியது.
நாலாம் நாள் பிளந்தது.
பகல் கறுத்தது, ஆடுகள் ஒன்றையொன்று முட்டின.
பதினாலு ஆடு. இரண்டு சினை.
கண்டது, என்றாள்.
பிறகு, யாரும் கேட்காமலே, இன்னொரு முறை.

குனிந்து மணலை ஒதுக்கினேன்.
மணல் மூடித்தான் படத்தில் கிழடாய்த் தெரிந்திருக்கிறது.
உள்ளே பளபளவென்று கறுப்பு.
விளிம்பில் விரல் தடிமனுக்கு ஒரு துளை, செங்குத்தாய்:
ஆடு கட்டும் முளை நின்ற இடம்.
முளை எரிந்துபோயிற்று.
அதன் வடிவைக் கல் விடாமல் பிடித்திருந்தது.
துளையின் சுவரில் கரி,
ஒரு கட்டெறும்பளவு.

கல்லைச் சோதனைச்சாலைக்கு அனுப்பினால்
வயது வரும்,
பக்கத்தில் கூட்டல் கழித்தல் ஆறாயிரம்.
அந்தக் குறிக்குள்
அவளும் மகளும் நானும்
எழுதத் தெரிந்த மனிதர் அத்தனை பேரும்
நெருக்கியடித்து உட்கார்ந்துகொள்ளலாம்.

இரவு ஜீப் விளக்கில் எல்லையைத் திருத்தினேன்.
ஒன்பதை உடைத்துப் பன்னிரண்டாவதாய் ஒன்று.
பென்சில் முனை அரை மில்லிமீட்டர்.
இந்த அளவில் என் கோடே
இருபத்தைந்து மீட்டர் அகலம்.
பட்டி, முளை, பதினாலு ஆடு
எல்லாம் கோட்டுக்குள் அடங்கிவிட்டன,
எந்தப் பக்கமும் சேராமல்.
முனையைச் சீவினேன்.
இன்னும் சீவினேன்.
ஒடிந்தது.

விடிந்ததும் உப்பு வியாபாரி ஒருவன் எதிர்ப்பட்டான்,
ஐந்து ஒட்டகங்களோடு.
இந்த முறை நானே முதலில் உட்கார்ந்தேன்.
அதோ அந்தக் கல்லுக்குக் கீழே ஒரு பட்டி.
பதினாலு ஆடு: கேட்டது.
முளை நின்ற துளை: கண்டது.

வரைபடம் அச்சாக இரண்டு வருஷம் ஆகும்.
அவன் சாயங்காலத்துக்குள்
கிணற்றுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவான்.